இடுப்பில் எரியும் விளக்கு

எங்கள் ஊரில் ஒருவருக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேசிப் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பைப் பார்த்தால் போதும்.

இதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது புரியாது. கால் வராதவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் கருவிக்கு நடைக்கூடு என்று பெயர். இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு கால்களையும் கவ்விக்கொள்ளும் மெல்லிய உலோகச் சட்டம். மூட்டுக்கு மூட்டு மோட்டார். நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. நடக்க வேண்டும் என்று நாம் நினைப்பதை அந்தப் பட்டை படித்துக் கூட்டுக்குச் சொல்கிறது. கூடு நடக்கிறது. இதுவரை நல்லதுதான். கண்டுபிடித்தவர்கள் இத்தோடு நிறுத்தியிருந்தால் நானே அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன்.

அவர்கள் நிறுத்தவில்லை. நினைப்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும் என்று ஒரு கணக்கைச் சேர்த்தார்கள். பேட்டரி மிச்சமாகுமாம், ஆளுக்கும் முயற்சி வளருமாம். அந்த அளவைக் காட்ட இடுப்புப் பட்டையின் முன்பக்கம் ஒரு விளக்கு. உறுதி முழுதாக இருந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். சந்தேகமோ பயமோ வந்துவிட்டால் சிவப்பு. சிவப்பில் முழங்கால் பூட்டிக்கொள்ளும். விளக்கை ஏன் ஊருக்கே தெரியும்படி வைத்தீர்கள் என்று கேட்டு நான் அனுப்பிய மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது. பார்ப்பவர்கள் ஊக்கப்படுத்துவதற்காகவாம்.

ஊக்கப்படுத்தினார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் இடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ தாயி, மஞ்ச எரியுது பாரு, மனச தளர விடாத. எங்க நாத்துனா மவன் ஒத்தக் கையோட லாரி ஓட்டுதான்" என்பார். பச்சை எரிந்தால், "நல்லாத்தான இருக்கிய, நில்லுங்க" என்று சீட்டு கிடையாது. சிவப்பு எரிந்தால், "உக்கார வச்சா இன்னும் சோம்பேறி ஆயிருவாவ" என்று சீட்டு கிடையாது. பெண் பார்க்க வந்த இடத்தில் காபியைக் குடித்துவிட்டு, விளக்கைப் பார்த்துவிட்டு, எழுந்து போனவர்கள் உண்டு.

என் பெயர் இசக்கிப்ரியா. சிவந்திகுளம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மழையில் ஊறிய சுற்றுச்சுவர் என் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியாது. அந்தச் சுவரைக் கட்டியவர் யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. என்னைத்தான் எல்லோரும் கேட்டார்கள்: மனசைத் திடமாக வைத்திருக்கிறாயா?

தாலுகா ஆபீஸ் ஆள் உயர மேடை மேல் கட்டிய பழைய கட்டடம். நான் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே ஏற வழி கிடையாது. ஆபீசர் கையெழுத்து வேண்டுமென்றால் யாராவது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தூக்குகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவாயில்லம்மா, புண்ணியம்தான" என்பார்கள். எனக்குப் புண்ணியமாக இருக்கப் பிடிக்கவில்லை. சாய்தளம் கேட்டு மனு எழுதினேன். பதில் வராத மனுவுக்கு நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்குப் பதில் வராதபோது அதற்கு மேலே இருக்கிறவருக்கு எழுதினேன். என் தலையில் முதல் நரை விழுந்த வருஷம் சாய்தளம் வந்தது. முன்சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. அதில் முதல் நாள் நானே நாற்காலியை உருட்டிக்கொண்டு மேலே போனேன். எந்த வேலையும் இல்லை. போய்விட்டு வந்தேன்.

பிறகு நடைக்கூடு வந்தது. கூடு வாங்க வேண்டுமென்றால் சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்தோம். அதற்கப்புறம் சிறப்பு அலுவலர் கோமதிநாயகம் மாற்றலாகி வந்தார். நல்ல உயரம், நல்ல குரல், எந்தக் கூட்டத்திலும் மைக் அவர் கையில்தான். வந்தவர் ஜேசிபியைக் கூப்பிட்டுச் சாய்தளத்தை இடித்தார். "எல்லாரும் நடக்கும்போது இது எதுக்கு?" அந்த இடத்தையும் சேர்த்து முன்பக்கம் முழுவதும் கருப்பு கிரானைட்டில் அகலமான படிகள் கட்டி, 'முயற்சிப் படிகள்' என்று தங்க எழுத்தில் பெயர் வைத்தார். கைப்பிடி வைக்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"கைப்பிடி இருந்தா கை அதத்தான் தேடும்மா" என்றார். "மனசத் தேடாது."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டுமென்றால் அவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது விழுந்திருக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு நாள் படியேற்ற விழா. தாலுகாவில் கூடு மாட்டிய நாற்பது சொச்சம் பேரும் அன்றைக்கு அந்தப் படிகளில் ஏற வேண்டும். கல்லுக்குள் பதித்த கருவி எங்கள் விளக்கின் நிறத்தைப் படித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். படியில் பச்சை என்றால் கூடு அப்போதே இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும். நடுவில் மனிதக் கை படாது, லஞ்சத்துக்கு இடமில்லை என்று கோமதிநாயகம் பெருமையாகச் சொல்வார். முதல் வருஷம் சிவப்பு காட்டினால் எச்சரிக்கை. இரண்டாம் வருஷமும் சிவப்பு என்றால் கூட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். 'முயற்சியற்றவர்' என்று குறித்துவிடுவார்கள். சக்கர நாற்காலியும் திரும்பக் கிடைக்காது.

போன வருஷம் நான் ஒரே மூச்சில் ஏறினேன். பச்சை ஒரு இடத்தில்கூட மங்கவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தார்கள்: 'தன்னம்பிக்கையின் மறுபெயர் இசக்கிப்ரியா!' என் முகம் சின்னதாக, கோமதிநாயகத்தின் முகம் பெரிதாக.

போன வருஷம் மாசானம் அண்ணன் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

மாசானம் அண்ணன் ஆபீசுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறார். முன்பு மின்கம்பத்தில் ஏறி ஒயர் இழுக்கும் ஒப்பந்த வேலை. கம்பத்திலிருந்து விழுந்தார். ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துபோனதோடு சரி. கூடு வந்த பிறகுதான் அவர் மறுபடி எழுந்து நின்றார். பாய்லர் முன்னால் நின்று டீயை அவர் ஆற்றுகிற உயரத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். கடைக்குள் அவர் விளக்கு மஞ்சள். தரை என்றால் போதும், நடப்பார். படியில் ஏறி நான்கு பக்கமும் காற்று வந்தால் சிவப்பு. போன வருஷம் அவர் பூட்டிக்கொண்டு நின்றபோது கீழே இருந்த கூட்டம் முழுவதும் கைதட்டி, "முடியும்! முடியும்!" என்று கத்தியது. ஒருவர்கூடப் பிடித்து இறக்கிவிட வரவில்லை. ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷமும் அவருக்குச் சிவப்பு எரிந்தால் கூடு போகும், கூட்டோடு கடையும் போகும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கம்பெனியிலிருந்து நிவேதன் என்ற இளைஞர் வந்தார். கூடுகளுக்குப் புதிய அப்டேட் போட வேண்டும். டீக்கடை பெஞ்சில்தான் வேலை. மற்றவர்களுக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, என் கூட்டில் ஒயரைச் செருகித் தன் கணினியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேட்டப்புறம் நெனச்சுக்கிடுதேன்."

"போன வருஷம் அந்தப் படியில ஏறும்போது மனசுல என்ன நினைச்சீங்க?"

"உண்மையச் சொல்லணுமா?"

"சொல்லுங்க."

"இந்தப் படியக் கட்டினவன நெனச்சேன். சாய்தளத்த இடிச்சவன நெனச்சேன். கொஞ்ச நேரம் சுவரக் கட்டினவனையும் நெனச்சேன்."

மாசானம் அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "கெட்ட வார்த்தையோடதான?" என்றார்.

"கெட்ட வார்த்தை இல்லாம அவனுவள எப்பிடிண்ணே நெனைக்க முடியும்?"

நிவேதன் சிரிக்கவில்லை. "அதான் அக்கா பிரச்சினை. உங்களுக்கு எரியறது தன்னம்பிக்கை இல்ல. கோபம். மூளையில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். பழைய வெர்ஷனுக்குப் பிரிக்கத் தெரியாது. புதுசு கோபத்தை வடிகட்டிடும்."

"ஏன் வடிகட்டணும்? என் கோவம் கம்பெனிய என்ன செஞ்சுது?"

"வேற ஒரு ஊர்ல ஒருத்தர் கோபமா நின்னுட்டிருந்தப்ப கூடு மேஜையை உதைச்சிருச்சு. மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரி."

"மேசைக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார் மாசானம் அண்ணன் கவலையோடு.

"அப்பம் வடிகட்டினா எனக்கு என்ன நெறம் எரியும்?"

நிவேதன் கணினியை மூடினார். "தரையில மஞ்சள் வரும். படியில சிவப்புதான்."

நான் மாசானம் அண்ணனைக் காட்டினேன். "அவாளுக்குப் படியில ஏன் செவப்பு?"

"கணக்கு போட்டது விளையாட்டு வீரங்களை வச்சு அக்கா. விழுந்து எலும்பு நொறுங்கினவங்க யாரும் அதுல இல்ல. அண்ணன் கம்பத்துலேர்ந்து விழுந்தவர். உயரத்தைப் பார்த்ததும் அவர் மூளை தானா பயத்தைக் காட்டுது. அவர் மனசு அதுக்கு என்ன பண்ணும்? விளக்கு காட்டறது ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர் செய்ய நினைக்கிறதுல அந்த நிமிஷம் எவ்வளவு உறுதியா இருக்காங்கன்னு. என்ன செய்ய நினைக்கிறாங்கன்னுகூட விளக்குக்குத் தெரியாது. அதை வச்சு ஒரு ஆளை எடை போட்டா என்ன சொல்றது?"

"இத அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்க."

"வேலை போயிடும் அக்கா."

"எங்களுக்குக் காலு போவப்போவுது தம்பி."

அவர் முகம் சிவந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, வந்ததும் போனது. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு செய்யலாம். உங்களுக்கு மட்டும் விழா முடிஞ்சப்புறம் போடறேன். யாருக்கும் தெரியாது. நீங்க பச்சையாவே ஏறிடலாம்."

"வேண்டாம்னு சொல்லிராத" என்றார் மாசானம் அண்ணன் வேகமாக. "நீ ஏறிரு இசக்கி. நம்மள்ல ஒரு ஆளாவது மேல போனாத்தான் நம்ம சங்கடத்த எடுத்துச் சொல்ல முடியும்."

"போன வருசம் நான் மேல போனேம்லா? என்னத்தச் சொன்னேன்? மைக்க என் கையில குடுத்தாவளா?"

அவர் கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார்.

"நான் மேல நின்னத வச்சுத்தான அண்ணே ஒங்களத் திட்டுனாவ. 'அந்தப் பொம்பளையால முடியுது, ஒமக்கென்ன?'ன்னு."

கோபத்தை வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன், சம்பாதித்தேன், ஒரு தாலுகா ஆபீசையே சாய்தளம் கட்ட வைத்தேன். அதை இவர்கள் முதலில் தன்னம்பிக்கை என்று பெயர் மாற்றிப் பிளெக்ஸில் போட்டார்கள். இப்போது கசடு என்று வடிகட்ட வந்திருக்கிறார்கள். நான் ஏறி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் படிகள் நியாயமாகிவிடுகின்றன.

"போடுங்க தம்பி" என்றேன். "எல்லாருக்கும் போட்டத எனக்கும் போடுங்க."

விழா நாள் காலையில் படிகளைக் கழுவிவிட்டு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். செண்டை மேளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. கோமதிநாயகம் மேலே மைக்கோடு நின்றார். கீழே நாங்கள் வரிசையாக நின்றோம். முதல் ஆள் நான். மாசானம் அண்ணன் எனக்குப் பின்னால். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. நிவேதன் ஓரமாகக் கணினியோடு நின்றார்.

"இதோ, நம்ம தாலுகாவின் தன்னம்பிக்கை நட்சத்திரம்!" மைக் முழங்கியது.

முதல் படியில் காலை வைத்தேன். வழக்கம்போல அவர்களை எல்லாம் நினைத்தேன். கோபம் வந்தது. எப்போதும் போலச் சூடாக, முழுதாக வந்தது. ஆனால் கூட்டுக்கு அது போய்ச் சேரவில்லை. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, முழங்கால் பூட்டிக்கொண்டது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். கொக்கு மாதிரி நின்றேன்.

மேளம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு கைதட்டல் எழுந்தது. "முடியும்! முடியும்! முடியும்!"

"இசக்கிப்ரியா! நீங்களே இப்பிடி நின்னா ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மனசு வையுங்க!"

நான் மேலே பார்த்தேன். அப்போதுதான் ஒன்று எனக்குத் தோன்றியது. உன்னால் ஏற முடியுமா என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரும் கேட்டார்கள். முடியும் என்று காட்டுவதிலேயே என் ஆயுசில் பாதி போய்விட்டது. நீ ஏற வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

வேண்டாம்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்ததும் முழங்கால் 'டக்'கென்று விட்டது. நான் நிதானமாகத் திரும்பி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்த முதல் படியில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் என் இடுப்பைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவதை நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தேன். பச்சை. போன வருஷத்தைவிட அடர்ந்த பச்சை.

உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பச்சை எரிந்தால் என்ன கத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி நின்றார்கள்.

"நான் ஏறல" என்றேன். மைக் இல்லாவிட்டாலும் கேட்டது. அவ்வளவு அமைதி.

மாசானம் அண்ணன் முன்னால் வந்தார். மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நவுந்து உக்காரு" என்றார். பக்கத்தில் அமர்ந்தார். உட்கார்ந்ததும் நீளமாக மூச்சு விட்டார். மஞ்சள் மங்கியது. அப்புறம் பச்சையானது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏ, இது எனக்கா எரியுது?"

"ஒமக்குத்தான்."

"கண்ணாடியில போட்டோ புடிச்ச மாதிரி இருக்கே" என்று என்னவோ உளறினார். கண் கலங்கியிருந்தது.

பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். படி அகலமாகத்தான் கட்டியிருந்தார்கள். முதல் படி நிறைந்ததும் சிலர் கைகளை ஊன்றி இரண்டாவதில் தள்ளி உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் மஞ்சளைத் தாண்டாதவர்களுக்கெல்லாம் பச்சை எரிந்தது.

"லைட்டு ரிப்பேரு!" மேலே இருந்து கத்தினார் கோமதிநாயகம். "எங்க அந்த எஞ்சினியர்?"

நிவேதன் கணினியைப் பார்த்தார். "ரிப்பேர் இல்ல சார்."

"அப்பம் கோவம்! எல்லாரும் கோவத்துல இருக்காவ, அதான் எரியுது. அப்டேட் போட வந்தப்பம் நீங்கதான சொன்னிய, கோவமும் அப்பிடித்தான் காட்டும்னு?"

"கோபத்தைத்தான் எடுத்துட்டோமே சார்" என்றார் நிவேதன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது போலிருந்தது. தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். "இது கோபம் இல்ல சார்."

அந்த நேரத்தில் எங்கள் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. மாசானம் அண்ணன் தன்னுடையதை எட்டப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். 'வாழ்த்துகள்! முயற்சிப் படியில் இன்று உங்கள் தடையை வென்றீர்கள். உங்கள் நடைக்கூடு ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.' மேலே ஏறாத ஆளுக்குப் பச்சை எரியும் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை. நடுவில் மனிதக் கையும் கிடையாது, நிறுத்துவதற்கு.

கோமதிநாயகம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "இப்பம் என்னம்மா வேணும் ஒங்களுக்கு? எல்லாந்தான் கெடச்சிட்டே. எந்திரிச்சு மேல வாங்க, பேசுவோம்."

"மேல வரல சார். நீங்க கீழ வாங்க. இடிச்ச சாய்தளம் எப்பம் வரும்னு இங்க உக்காந்து பேசுவோம்."

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். இறங்க வேறு வழி கிடையாது. அவர் கட்டியது அது ஒன்றுதான். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு மேல் படியில் காலை வைத்தார். காலையில் கழுவிய கிரானைட் இன்னும் காயவில்லை. பளபளவென்ற ஷூ கொஞ்சம் வழுக்கியது. நின்றார். அவர் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு எதையோ தேடியது. காற்றுதான் கிடைத்தது.

மாசானம் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்.

"முடியும் சார்! மனசு வையுங்க, முடியும்!"

கோமதிநாயகத்தின் இடுப்பில் விளக்கு இல்லை. இருந்தால் என்ன நிறம் எரிந்திருக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.